பிளாஸ்டிக் டப்பால காளான் வளர்க்கலாம், ஆனா ஓட்டை போடறதுல கஞ்சத்தனம் வேணாம்

சிப்பிக் காளானுக்கு ஓலைக் கொட்டகை போட்டு, ஈரச் சாக்கு தொங்கவிடுறதெல்லாம் அப்பார்ட்மெண்ட்ல நடக்கற கதையா? அதான் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவையே கொட்டகையா மாத்திட்டேன். வைக்கோல் ஊறவச்சு, வேகவச்சு, காளான் விதை தூவி பெட்டு (வைக்கோலும் விதையும் அடுக்கின கவர்) கட்டறது உங்களுக்குத் தெரியும்னே வச்சுக்கறேன். விதை நான் கோவை லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழகத்துலயே வாங்கிக்குவேன். இங்க டப்பா கதை மட்டும்.

டப்பா 50 லிட்டர், கம்பளியெல்லாம் போட்டு கட்டிலுக்கு அடியில தள்ளுவோமே அந்த டைப். கலர் வேணாம், உள்ள என்ன நடக்குதுன்னு திறக்காமயே தெரியணும், காளானுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, வழக்கமான 60க்கு 30 சென்டிமீட்டர் கவர்ல முழுசா கட்டின பெட்டு இதுக்குள்ள நிக்காது, பாதி உயரத்துக்குக் கட்டுங்க.

இனி ஓட்டை. 6 மில்லிமீட்டர் சைஸ், 5 சென்டிமீட்டருக்கு ஒண்ணு, நாலு பக்கம் + மூடி + அடிப்பக்கம். ஆமா, அடிப்பக்கமும்தான். மார்க்கர்ல புள்ளி வச்சா முன்னூறு ஓட்டை கிட்ட வரும், மலைச்சுப் போயிடாதீங்க. நான் மலைச்சுப் போய்தான் முதல் டப்பாவுல மேலாப்புல இருபதே ஓட்டை போட்டு விட்டேன், அடியில ஒண்ணுகூட இல்ல, தண்ணி ஒழுகுமேன்னு பயம். வந்த காளானைப் பாக்கணுமே, தண்டு விரல் நீளம், தலை சட்டை பட்டன் சைஸ். பாட்டி எட்டிப் பாத்துட்டு "என்னடா இது, முளைகட்டின பயறாட்டம் இருக்குது"ன்னாங்க. தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் இன்னும் அடிச்சேன், தலையெல்லாம் மஞ்சளாகி வழவழன்னு ஆகிப் போச்சு.

தண்ணி பிரச்சனையே இல்லைங்க அது. காளானும் மூச்சு விடுது, அது விடற கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்கிடுச்சு, நல்ல காத்து தேடி தண்டு நீளுது, தலை விரியறதில்ல. அடியிலயும் ஓட்டை போட்ட ரெண்டாவது டப்பாவுல அதே விதைக்கு உள்ளங்கை அகலம் வந்துச்சு.

ட்ரில் வேணாம்கிறது என் கட்சி. மெல்லிசு பிளாஸ்டிக், மூலையில படக்குனு விரிசல் விட்டு ஒரு டப்பா போச்சு. சால்டரிங் அயர்ன் இருந்தா வெண்ணெயில கத்தி மாதிரி இறங்கும். பால்கனில வச்சு செய்ங்க, அந்தப் புகை நல்லதில்ல.

அடுத்தது பெர்லைட், செடித் தொட்டி மண்ணுல கலக்கற வெள்ளையான லேசுக் கல்லு, நர்சரில கிடைக்கும். தூசி பறக்கும், மூக்கைக் கட்டிக்கங்க. சல்லடையில போட்டு நனைச்சு, சொட்டறது நின்னதும் டப்பாவுல 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொட்டுங்க, முதல்ல அடியில ஒரு துண்டு கொசுவலை விரிச்சுட்டா ஓட்டை வழியா கொட்டாது. டப்பாவை நாலு செங்கல் மேல தூக்கி வைங்க. தரையோட வச்சா அடி ஓட்டை போட்டதே வேஸ்ட். கீழ இருந்து வர்ற காத்து ஈர பெர்லைட் வழியா ஏறி ஈரத்தோட மேல போகும், சூட்சுமமே அதான்.

அப்டேட்: பெர்லைட்டுக்குப் பதிலா தேங்காய் நார்க் கழிவு போடலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. போட்டுப் பாத்துட்டேன், பதினோராம் நாள் பச்சைப் பூசணம். பெர்லைட் கல்லு ஜாதி, பூசணம் திங்க அதுல ஒண்ணுமில்ல. ஆத்து மணலும் வேணாம், ஓட்டையை அடைச்சுக்கும்.

பெட்டு முழுக்க காளான் இழை வெள்ளையா பூத்ததும் கவர்ல அங்கங்க கீறி உள்ள வைங்க. தினம் ரெண்டு மூணு தடவை மூடியைத் திறந்து அதே மூடியால நாலு விசிறு விசிறிட்டு, சலூன்ல தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணியை டப்பாவோட உள் சுவத்துல மட்டும் அடிங்க, காளான் மேல நேரா வேணாம். ஈரப்பத மீட்டரை நான் நம்பறதில்ல, சுவத்துல பொடிப்பொடியா முத்து நின்னா போதும். சூடு 23ல இருந்து 28 டிகிரி வரை ஓகே, ஏப்ரல் மே மாசம் நான் டப்பாவைக் கழுவி கவுத்திடுவேன்.

இன்னொரு அப்டேட்: பொடி ஈ வருதுன்னு புலம்பினவங்களுக்கு, கொசுவலைக்கெல்லாம் அது அடங்காது. பழைய மெல்லிசு வாயில் துணிப் புடவையை ஒத்தை மடிப்பா டப்பாவைச் சுத்திப் போர்த்தி, பக்கத்துல ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்க.

தலையோட ஓரம் மேல மடியறதுக்கு முன்னாடியே பறிச்சிடுங்க. ஒரு தடவை ஊருக்குப் போய் ரெண்டு நாள் லேட்டா வந்தேன், கறுப்பு டீவி மேல மாவு சலிச்ச மாதிரி காளான் உதிர்த்த வித்துத் தூள், எனக்கு நாலு நாள் இருமல். ஆஸ்துமா இருக்கறவங்க வீட்ல டப்பாவைப் படுக்கை ரூம்ல வைக்கவே வைக்காதீங்க.