என்ட்ரோபி கணக்கில் சறுக்கும் இடங்கள்

எழுத்துகள் எவ்வளவு ஊகிக்க முடியாதபடி வருகின்றன என்பதைப் பிட்டில் சொல்லும் அளவுதான் என்ட்ரோபி. டிஎன்ஏ வரிசைக்கு அதைக் கணக்கிடும்போது, கோவைப் பக்கம் உயிர்தகவலியல் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் வருசா வருசம் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். மடக்கையின் அடிமானம் மாறிப்போவது போன்ற சில்லறைத் தவறுகள் தானாகவே பிடிபட்டுவிடும், அவற்றை விடுங்கள்.

வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் சொல் நீளம் வைப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். பருத்தியின் ஒரு மரபணு, 2,000 எழுத்து. பக்கத்தில் அதே பருத்தியின் பசுங்கணிக மரபுத்தொகை (குளோரோபிளாஸ்டின் மொத்த டிஎன்ஏ), சுமார் 1,60,000 எழுத்து. அடுத்தடுத்து வரும் ஆறெழுத்தை ஒரு ‘சொல்’ என்று கொண்டு, இரண்டையும் ஓரெழுத்து நகர்த்தி நகர்த்தி எண்ணி ஷானன் என்ட்ரோபி போடுகிறார்கள். மரபணுவுக்குக் குறைவாக வருகிறது. உடனே ‘இதன் சிக்கல்தன்மை குறைவு’ என்று முடிவுரை எழுதி, பைண்டிங்கும் போட்டாகிவிடுகிறது.

டிஎன்ஏவின் நான்கெழுத்தில் (A, C, G, T) அமையக்கூடிய ஆறெழுத்துச் சொற்கள் 4,096. உச்சம் 12 பிட். 2,000 எழுத்தில் கிடைப்பதோ 1,995 சொல். எல்லாமே வேறு வேறாக இருந்தாலும் 10.96 பிட்டைத் தாண்டாது. கணினியில் குருட்டாம்போக்கில் உருவாக்கிய வரிசையே 2,000 நீளத்தில் 10.5 பிட் அளவில் நிற்கும். 1,60,000 நீளத்தில் 11.98 வரும். அவ்வளவு வித்தியாசமும் நீளத்தின் வேலை. தரவு போதாததால் குறைந்து வரும் மதிப்பை ஈடுகட்டும் மில்லர்–மேடோ திருத்தம் சேர்த்தால் சரியாகும் என்று சிலர் வாதாடுவார்கள். பாதிக்குமேல் சொற்கள் ஒருமுறைகூட வராத இடத்தில் அதுவும் 11.1 பக்கம் நின்றுவிடும்.

நீளமானதை 2,000 எழுத்துத் துண்டுகளாக வெட்டுங்கள். சொல் நீளம் 3 போதும்: 64 சொற்கள், சொல்லுக்குச் சராசரி 31 முறை. பிறகு அதே வரிசையை 100 முறை கலைத்து, வரும் மதிப்புகளோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் 2 பிட்டோடு ஒப்பிடுவது

நான்கெழுத்தும் சம அளவில் வந்தால்தான் எழுத்துக்கு 2 பிட். மலேரியா ஒட்டுண்ணி ஃபால்சிபாரத்தில் அடினைனும் (A) தைமினும் (T) சேர்ந்தே சுமார் 80%. ஓரெழுத்து என்ட்ரோபியே 1.72தான்.

ஃபாஸ்டா தலைப்பு வரி

டிஎன்ஏ வரிசையைச் சேமிக்கும் ஃபாஸ்டா கோப்பில் முதல் வரி வெறும் பெயர், அதையும் எண்ணிவிடுகிறார்கள். நீக்குங்கள். வரிமுறிவையும்.

தமிழைப் பைட்டில் எண்ணுவது

தமிழ் உரைக்கு என்ட்ரோபி போடுபவர்களுக்கும் ஒரு குழி உண்டு. ‘கோவை’ கண்ணுக்கு இரண்டெழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு, யூடிஎஃப்-8 கோப்பில் 12 பைட். மும்மூன்று பைட்டிலும் முதலாவது மாறாது, இரண்டாவதற்கு இரண்டே மதிப்பு. பிட் எண்ணிக்கை சிறுத்து, தமிழ் ஏதோ எளிய உரைபோலத் தெரியும். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகச் சேர்த்து எண்ணுங்கள். ‘கோ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமித்த கோப்புகளும் உண்டு, முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஜிசிப்பை நம்புவது

கோப்பு எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்தும் என்ட்ரோபியை மதிப்பிடுவார்கள். அதற்குப் பலரும் எடுக்கும் சுருக்கி ஜிசிப்; பின்னால் 32 கிலோபைட்டுக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. எக்ஸ்இசட் என்ற இன்னொரு சுருக்கியின் பார்வை நீளம். ஆனால் பருத்திப் பசுங்கணிகத்தில் 25,000 எழுத்துக்குமேல் நீளமுள்ள ஒரு பகுதி, தலைகீழ் நிரப்பு வரிசையாக (பின்னிருந்து படித்து, A-யை T-யாகவும் C-யை G-யாகவும் மறுதலையாகவும் மாற்றிய வடிவில்) இன்னொருமுறை வருகிறது. அதை எக்ஸ்இசட்டும் புதுச் சரக்காகவே எடுத்துக்கொள்ளும். ஜீகோ3 போன்ற டிஎன்ஏ சுருக்கிகளில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு அளவெடுங்கள்.