போஸ்ட்கிரெஸ் நகலாக்கத்துக்கு லாக் அமைக்கும் முறை

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முதன்மை சர்வரில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுக்கும் இரண்டாவது சர்வர்தான் ரெப்ளிகா. அது நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தால் நான் இரண்டு சர்வர்களின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளையும் ஒரே திரையில் திறந்துகொள்வேன். ரெப்ளிகா கேட்ட 'வால்' கோப்பு (தரவு மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி முதன்மை சர்வரில் 'எரர்' ஆகவும், ரெப்ளிகாவில் 'ஃபேட்டல்' ஆகவும் பதிவாகும். இரண்டு வரிகளையும் நேரம் பார்த்துப் பொருத்த வேண்டும். அதனால் முதல் வேலையாக 'லாக் டைம்ஸோன்' அமைப்பை இரு பக்கமும் யுடிசி (உலகப் பொது நேரம்) ஆக்கிவிடுங்கள். (அமைப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், அமைப்புக் கோப்பில் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.)

அடுத்து, செய்திகளைத் திரட்டிக் கோப்பில் எழுதும் 'லாக்கிங் கலெக்டர்' அமைப்பை 'ஆன்' ஆக்குங்கள். இதற்கு மட்டும் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும்; கீழே சொல்லும் மற்றவற்றுக்கு ரீலோடு (நிறுத்தாமல் அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கச் செய்வது) போதும்.

கோப்பு எங்கே போகிறது என்பதில்தான் நான் மிகவும் கண்டிப்பு. இயல்பாக அது தரவுக் கோப்பகத்துக்குள்ளேயே 'லாக்' என்ற கோப்பகத்தில் விழும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மிக நுணுக்கமான விவரங்களையும் பதியும் 'டீபக்5' நிலையை இயக்கிவிட்டு, அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிறு இரவு வட்டு நிரம்பியது. வால் எழுத இடமின்றி முதன்மை சர்வரே நின்றது. அன்றுமுதல் 'லாக் டைரக்டரி' அமைப்பில் வேறொரு வட்டின் பாதையைத்தான் கொடுக்கிறேன். அந்த வட்டு நிரம்பினால் லாக் மட்டும்தான் போகும், தரவு பிழைக்கும்.

கோப்பின் பெயரில் தேதிக்குப் பதில் கிழமை வரும்படி வைத்து, 'லாக் ரொட்டேஷன் ஏஜ்' ஒரு நாள், 'லாக் ரொட்டேஷன் சைஸ்' 0 (அளவுப்படி கோப்பு மாறாது), 'லாக் ட்ரங்கேட் ஆன் ரொட்டேஷன்' ஆன் என்று கொடுத்தால் ஏழு கோப்புகள் சுழன்றுகொண்டே இருக்கும். நேரப்படி கோப்பு மாறும்போது மட்டுமே பழையது அழிக்கப்படும். சர்வரை மறுபடி தொடங்கினால் அன்றைய கோப்பிலேயே எழுத்து தொடரும்.

இனி 'லாக் மின் மெசேஜஸ்': எந்தத் தீவிர நிலையிலிருந்து மேலே உள்ள செய்திகள் பதிவாக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. இதன் இயல்பு நிலை 'வார்னிங்'. ரெப்ளிகா இணைந்து வாலைப் பெறத் தொடங்கியது போன்ற செய்திகள் 'லாக்' என்ற நிலையில் வரும். சர்வர் பதிவைப் பொறுத்தவரை அந்த நிலை 'எரர்'-க்கு மேலே, 'ஃபேட்டல்'-க்குக் கீழே இருக்கிறது. ஆகவே 'வார்னிங்' வைத்தாலும் அவை தெரியும். கோப்பு பெரிதாகிறது என்று 'ஃபேட்டல்'-க்கு உயர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அப்போது மேலே சொன்ன முதன்மை சர்வர் வரியே மறைந்துபோகும்.

ரெப்ளிகா என்ன கேட்கிறது என்று அறிய 'டீபக்1'-க்கு இறங்க வேண்டியதில்லை. 'லாக் ரெப்ளிகேஷன் கமாண்ட்ஸ்' அமைப்பை முதன்மை சர்வரில் ஆன் செய்தால், அந்தக் கட்டளைகள் 'லாக்' நிலையிலேயே பதிவாகும்.

அதற்கும் மேல் 'டீபக்' தேவைப்பட்டால், ஒரு பக்கம் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் இயக்குங்கள். 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையால் மாற்றினால் அந்த மதிப்பு 'ஆட்டோ கான்ஃப்' என்ற தனி அமைப்புக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வழக்கமான அமைப்புக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பலன் இராது. முடித்ததும் 'ஆல்டர் சிஸ்டம் ரீசெட்' கொடுத்து ரீலோடு செய்து, 'ஷோ' கட்டளையில் 'வார்னிங்' என்று வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருங்கள்.