காரணம் அவர் வாயிலிருந்து வரட்டும்: ஊக்கமூட்டும் நேர்காணலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்பதை விட வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும் என்று உதவி தேடி வருபவர்களில் பலருக்கு மனம் இரண்டுபட்டே இருக்கும். மாற வேண்டும் என்ற ஆசையும் உண்டு. இப்படியே இருந்துவிடலாம் என்ற இழுப்பும் உண்டு. அந்த மனத்தோடு மல்லுக்கட்டாமல், மாறுவதற்கான காரணங்களை அவரையே பேச வைக்கும் முறைதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் எனப்படும் ஊக்கமூட்டும் நேர்காணல். மதுப்பழக்கச் சிகிச்சையில் கிடைத்த அனுபவத்திலிருந்து அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இதைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து நூலாக எழுதினார். இன்று உடல்நலம், வாழ்க்கைமுறை சார்ந்த கோச்சிங்கில் இது வேரூன்றிவிட்டது. ஆனால் நல்லெண்ணம் கொண்ட பயிற்சியாளர்களே இதில் அதிகம் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், உடனே சரிசெய்துவிடத் துடிப்பது. ஓர் உரையாடலைப் பாருங்கள்.

"நடக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் வேலை முடிந்து வந்தால் உட்காரத்தான் தோன்றுகிறது."

"அப்படியானால் காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து பாருங்களேன்."

"காலையில் குழந்தைகளைக் கிளப்பவே நேரம் போதவில்லை."

"மதிய இடைவேளையில்?"

"அப்போதுதான் சாப்பிடவே முடிகிறது."

பயிற்சியாளர் சொன்ன இரண்டு யோசனைகளும் தவறானவை அல்ல. ஆனால் என்ன நடந்தது? நடக்க முடியாததற்கான காரணங்களை வந்தவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். மனிதர் தான் சொல்லிக் கேட்டதையே நம்பத் தொடங்குகிறார். நாம் ஒரு பக்கத்துக்கு வாதாடினால், இரண்டுபட்ட மனம் தானாகவே மறுபக்கத்துக்கு வக்காலத்து வாங்கும். அதே இடத்தில், "களைப்பு ஒரு பக்கம், நடக்க வேண்டும் என்ற எண்ணமும் விடவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், "ஆமாம், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, பயமாக இருக்கிறது" என்று அவரே தொடர்ந்திருக்கக்கூடும்.

அக்கறையில் கடிந்துகொள்வதும் இதே வகைதான், விளைவு மட்டும் இன்னும் மோசம். மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட மதுப்பழக்கச் சிகிச்சை ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்துப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவரிடம் வந்தவர் ஓராண்டுக்குப் பின் அதிகமாகக் குடித்திருந்தார். வந்தவர் முரண்டு பிடித்தால், அது அவருடைய குணம் என்று முத்திரை குத்துவதற்கு முன், நாம் எந்த இடத்தில் தள்ளினோம் என்று பார்ப்பதே நியாயம்.

அடுத்தது, மாற்றத்துக்கு ஆதரவாக அவர் சொல்லும் சொற்களைக் காதில் வாங்காமல் கடந்துபோவது. "முன்பு ஒருமுறை மூன்று மாதம் புகைக்காமல் இருந்தேன்" என்று ஒருவர் சொல்கிறார். "பிறகு ஏன் மறுபடி தொடங்கினீர்கள்?" என்று கேட்டால் தோல்விக் கதைதான் வரும். "அந்த மூன்று மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால் அவருடைய திறமை வெளியே வரும். பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோலும் இப்படித்தான். மாற்றம் எவ்வளவு முக்கியம் என்று கேட்டதற்கு அவர் ஐந்து என்றால், "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்கவே கூடாது. "மூன்று என்று சொல்லாமல் ஐந்து என்று சொன்னது ஏன்?" என்று கேளுங்கள், அதற்கு வரும் ஒவ்வொரு பதிலும் மாற்றத்துக்கான காரணமாகவே இருக்கும். சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று பட்டியல் போட வைப்பது இந்த முறையின் பகுதி என்றே பலர் நினைக்கிறார்கள். மனம் ஊசலாடும் நிலையில் அது உறுதியைக் குறைக்கவே செய்கிறது என்று 2015இல் மில்லரும் கேரி ரோஸும் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்.

கேள்விமேல் கேள்வி கேட்பதும் வேண்டாம். ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்புகள் என்பது நல்ல இலக்கு. பிரதிபலிப்பு என்றால் அவர் சொன்னதைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதல்ல. அவர் சொல்ல வந்ததை ஊகித்து, கேள்வியின் தொனி இல்லாமல் சொல்வது. ஊகம் தப்பினாலும் பரவாயில்லை, அவரே திருத்திவிடுவார்.

அறிவுரையே சொல்லக் கூடாது என்று நினைப்பது எதிர்த்திசைத் தவறு. தாராளமாகச் சொல்லலாம், அனுமதி கேட்டுவிட்டு. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள், பிறகு தேவையானதை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள், அதன்பின் "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மறுபடி அவரிடமே விடுங்கள். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்தவரிடம் காரணங்களைத் துருவிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. நேரே திட்டத்துக்குப் போகலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. இந்த உத்திகளைக் கற்றுக்கொண்டு, தன் பயிற்சித் தொகுப்பை விற்கவோ, வந்தவரைத் தனக்குச் சாதகமான முடிவுக்கு நகர்த்தவோ பயன்படுத்துவது. பரிவும், வந்தவரின் முடிவுரிமைக்குத் தரும் மதிப்பும் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சாமர்த்தியப் பேச்சு. மாற வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால், அதையும் ஏற்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்ததும் கைவந்துவிட்டது என்று எண்ணுவதைக் கடைசியாகச் சொல்கிறேன். மில்லர் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் திறமையைப் பற்றித் தாங்களே சொன்ன மதிப்பீட்டுக்கும், பதிவான உரையாடல்களில் தெரிந்த திறமைக்கும் தொடர்பே இல்லை. பயிலரங்குக்குப் பின் கருத்துரையோ தனிப்பட்ட வழிகாட்டலோ கிடைத்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். எனவே, வந்தவரின் ஒப்புதலோடு ஓர் உரையாடலைப் பதிவு செய்து, அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை கேள்வி, எத்தனை பிரதிபலிப்பு, யார் அதிக நேரம் பேசினார்கள் என்று தாளில் குறியுங்கள். அடுத்த சந்திப்பில் அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.