சாய்ந்த வண்டி, குளிராத ஃப்ரிட்ஜ்

இத்தாலியின் டஸ்கனி மலையூர்களில் மதிலுக்குள் மோட்டார்ஹோமை (படுக்கை, சமையல் மேடையெல்லாம் உள்ள வண்டி) கொண்டுபோகவே கூடாது. ஸெட்.டி.எல். (வண்டிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி) பலகையைத் தாண்டினால் கேமரா பிடித்துவிடும். அபராதம் வீடு தேடி வரும். அதனால் வோல்தெர்ராவில் மதிலுக்கு வெளியே, கொஞ்சம் சரிவான இடத்தில் நிறுத்தினோம்.

காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் திரிந்திருந்தது. பெக்கோரினோ பாலாடைக்கட்டி வியர்த்து எண்ணெய் விட்டிருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடுவது கேஸில்தான். அது தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். அடுப்பு நன்றாகவே எரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. சூட்டில் அம்மோனியா ஆவியாகிப் போய், திரும்பத் தண்ணீரில் கலந்து, தானாகவே கீழே இறங்கி ஓடவேண்டும். வண்டி அதிகம் சாய்ந்தால் அந்த ஓட்டம் தடைபடும். ராத்திரி தலையணை நழுவிக்கொண்டே இருந்தபோதே யோசித்திருக்க வேண்டும்!

பள்ளமான பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் சாய்வுக்கட்டைகளை வைத்து, வண்டியை மெதுவாக ஏற்றினேன். மட்டம் பார்க்க, சமையல் மேடையில் ஒரு தட்டில் தண்ணீர். ஃப்ரிட்ஜை அணைத்துச் சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி கேஸில் போட்டேன்.

ஊரைச் சுற்றிவிட்டு ராத்திரி திரும்பியபோது தண்ணீர் பாட்டில் சில்லென்று இருந்தது. பாலைக் கொட்டிவிட்டோம். பெக்கோரினோவை விடவில்லை.