கேமுக்கு விண்டோஸ், மற்றதெல்லாம் லினக்ஸ்: டூயல் பூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயில், எழுத்து, கோடிங், பிரவுசிங் என்று நாள் முழுக்க லினக்ஸ். இரவில் ஒரு மணி நேரம் கேம் ஆட விண்டோஸ். இப்படி ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் பல வருடமாக அப்படித்தான். டூயல் பூட் என்று இதற்குப் பெயர், நன்றாக ஓடக்கூடிய ஏற்பாடு. ஆனால் "டூயல் பூட் போட்டேன், எல்லாம் போச்சு" என்று வருகிறவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கும். இரண்டு சிஸ்டமும் பொதுவாகப் பயன்படுத்துகிற ஏதோ ஒன்றில் கை வைத்திருப்பார்கள், அது பொது என்றே தெரியாமல்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை என்று தோன்றும். நிஜத்தில் மதர்போர்டில் உள்ள கடிகாரம் ஒன்றுதான், கணினியை எழுப்பும் பயாஸின் செட்டிங் ஒன்றுதான், ப்ளூடூத் சிப் ஒன்றுதான், பல நேரம் டிஸ்கும் ஒன்றுதான். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்தால் சண்டை அவரவர் அறைக்குள் வருவதில்லை, பொது வாசலில்தான் வரும். அந்தப் பொது இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒன்று. எந்த கேமுக்காக விண்டோஸ் வேண்டும் என்று பட்டியல் போடாமலே பாதி டிஸ்கை அதற்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 2018-இல் வால்வ் நிறுவனம் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்த பிறகு, அதன் கேம் கடையான ஸ்டீமில் உள்ள விண்டோஸ் கேம்களில் பெரும்பகுதி லினக்ஸிலேயே ஓடுகிறது. தனியாக ஆடும் கேம்கள் என்றால் பெரும்பாலும் கவலையே இல்லை. புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடினால், ஆடிப் பார்த்தவர்கள் எழுதிய அனுபவம் கிடைக்கும். விண்டோஸ் கட்டாயம் தேவைப்படுவது ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் வைத்த ஆன்லைன் கேம்களுக்குத்தான். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் கடைசியில் அதற்கும் கதவை அடைத்தார்கள். ஆக, பட்டியலில் இரண்டு மூன்று கேம்தான் மிஞ்சுகிறது என்றால், விண்டோஸுக்கு எவ்வளவு இடம் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதே சமயம் ரொம்பவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது. விண்டோஸ், அதன் அப்டேட்கள், இந்த மாதிரி ஒரு கேம், இவ்வளவும் உட்கார இடம் விட வேண்டும்.

ஷட் டவுன் ஆகாத ஷட் டவுன்

எனக்கு ஒரே ஒரு தவறைப் பற்றி மட்டும் சொல்ல வாய்ப்புக் கொடுத்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத்தான் சொல்வேன். விண்டோஸ் 8 வந்தபோது வந்த வசதி இது. நீங்கள் ஷட் டவுன் கொடுக்கிறீர்கள், திரை அணைகிறது, விசிறி நிற்கிறது. கணினி முழுக்க அணைந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். உள்ளே நடந்தது வேறு. உங்கள் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை அப்படியே ஒரு ஃபைலாக டிஸ்கில் எழுதி வைத்திருக்கிறது. அடுத்த முறை அதை வாசித்துக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடும். அரைத் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரைத் தூக்கத்தில், எந்த டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருந்தது என்ற கணக்கையும் அது மனதில் வைத்திருக்கிறது. இப்போது லினக்ஸைத் திறந்து அதே என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்தால், விண்டோஸ் எழும்போது அதன் கணக்கு ஒன்று, டிஸ்கில் உள்ளது வேறொன்று. காப்பி செய்த ஃபோல்டர் காணாமல் போகலாம், ஃபைல் சிஸ்டமே சிதையலாம். இதற்குப் பயந்துதான் லினக்ஸ் அந்த டிரைவை வாசிக்க மட்டும் அனுமதிக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. பலர் இதை லினக்ஸின் கோளாறு என்று நினைத்து, எங்கோ கிடைத்த ஒரு கட்டளையைப் போட்டு வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்கிறார்கள். அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள். லினக்ஸ் அங்கே உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சரிசெய்வது எளிது. விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹைபர்னேட் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதையும் அணைத்துவிடலாம், சில ஜிபி இடமும் மிச்சம். இன்னொரு நுணுக்கம்: ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்த அரைத் தூக்கம் கிடையாது, முழுதாகவே அணைந்து எழும். "சில நாள் சரியாக வருது, சில நாள் வரலை" என்று குழம்புகிறவர்கள், அன்றைக்கு ஷட் டவுன் கொடுத்தோமா ரீஸ்டார்ட் கொடுத்தோமா என்று யோசித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

செக்யூர் பூட்டும் 48 இலக்க எண்ணும்

பழைய லினக்ஸ் வழிகாட்டிகளில் முதல் வரியே "பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள்" என்று இருக்கும். நம்பகமான கையெழுத்து உள்ள சிஸ்டத்தை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்புதான் செக்யூர் பூட். கேமுக்காக விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு, அதை அணைப்பது இன்று தப்பான அறிவுரை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் கேட்கிறது. லினக்ஸுக்காக அதை அணைத்துவிட்டால், எந்த கேமுக்காக விண்டோஸை வைத்தீர்களோ அதுவே திறக்காது. ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போய் மாற்றி மாற்றி ஆடுவது யாருக்கும் நீடிக்காது.

உபுண்டு, ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வகைகள் செக்யூர் பூட் இயங்கும்போதே இன்ஸ்டால் ஆகும், அதற்கான கையெழுத்து அவற்றில் இருக்கிறது. என்விடியா டிரைவர் போடும்போதுதான் ஒரு படி கூடுதல். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து, சாவியைச் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்கச் சொல்லி அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைப் பார்த்துப் பதறி, அப்படியே தொடர் என்று அழுத்திவிடுகிறார்கள். அப்புறம் டிரைவர் வேலை செய்யவில்லை என்று செக்யூர் பூட்டையே அணைக்கிறார்கள். அந்த ஒரு திரையில் பத்து வினாடி பொறுமை இருந்தால் போதும்.

இதோடு ஒட்டியது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், உங்களிடம் கேட்டிருக்காது. செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றினால் அதற்குச் சந்தேகம் வந்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எனக்கு அது ஒரு முறை நடந்தது. நண்பர்கள் ஆன்லைனில் காத்திருக்க, நான் ஃபோனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து ஆறு ஆறாகப் பிரித்த அந்த எண்ணைத் தேடி, ஒவ்வொரு தொகுதியாகச் சரிபார்த்துத் தட்டினேன். கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் அந்த டிரைவில் இருந்த அனைத்தும் போயிருக்கும். அதனால் பயாஸைத் தொடுவதற்கு முன்பு, லினக்ஸ் இன்ஸ்டாலரைத் திறப்பதற்கு முன்பு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியின் டெஸ்க்டாப்பில் சேமிப்பது வீண்.

செக்யூர் பூட் விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லாமலும் சிக்கல் வரலாம். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட், சிஸ்டத்தைக் கிளப்பும் பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும், பல கணினிகளில் அன்று லினக்ஸ் கிளம்பவில்லை. லினக்ஸ் போட்ட யூஎஸ்பி ஒன்றை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கச் சொல்வது இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

டிஸ்க்

பட்ஜெட் இடம் கொடுத்தால், இரண்டு எஸ்எஸ்டி வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். டூயல் பூட் சிக்கல்களில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இரண்டு எஸ்எஸ்டி வைத்தவர்களும் செய்கிற தவறு ஒன்று உண்டு. சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள், நீங்கள் இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாலும், பூட்லோடரை முதல் டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸின் பூட் பார்ட்டிஷனில் (கணினி எழுவதற்கென டிஸ்கில் ஒதுக்கிய பகுதி) கொண்டுபோய் வைத்துவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் இதையே செய்யும். பல மாதம் கழித்து அந்த விண்டோஸ் டிஸ்கை மாற்றும்போதுதான் லினக்ஸும் கூடவே போனது தெரியும். இன்ஸ்டால் செய்யும் அரை மணி நேரத்துக்கு மற்ற டிஸ்கைக் கழற்றி வைப்பதே நிச்சயமான வழி. அப்புறம் கணினி ஆன் ஆகும்போது பூட் மெனுவில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒரே டிஸ்க்தான் என்றால், விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே செய்யுங்கள். விண்டோஸ் போடும் பூட் பார்ட்டிஷன் பொதுவாக 100 எம்பிதான். க்ரப் என்ற பூட்லோடரைப் பயன்படுத்தும் உபுண்டுவுக்கு அது போதும். பாப் ஓஎஸ் மாதிரி கெர்னலையே அங்கே கொண்டுவந்து வைப்பவற்றுக்குப் போதாது. தனியாகப் பெரிய பூட் பார்ட்டிஷன் போட வேண்டும்.

லினக்ஸ் இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியவில்லை என்றால், பயாஸில் அது ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற டிஸ்க் முறையில் இருக்கலாம். உடனே லினக்ஸுக்குத் தெரியும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை திறந்து, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரே கேம் ஃபோல்டரை இரண்டுக்கும் கொடுப்பது

150 ஜிபி கேமை இரண்டு முறை டவுன்லோடு செய்ய யாருக்கும் மனம் வராது. அதனால் ஒரு என்டிஎஃப்எஸ் டிரைவில் ஸ்டீம் லைப்ரரியை வைத்து இரண்டிலிருந்தும் ஆடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் மாதிரியான ஃபோல்டரை உருவாக்குகிறது. அதற்குள் சி டிரைவைக் குறிக்க, முக்காற்புள்ளி (:) உள்ள பெயரில் ஒரு இணைப்பு இருக்கும். லினக்ஸில் அந்தப் பெயர் செல்லும். விண்டோஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி வரவே கூடாது. விண்டோஸ் டிஸ்கைச் சோதிக்கும்போது அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு 'சரிசெய்ய' முயலும். ஒரு நாள் திடீரென்று லினக்ஸில் கேம் திறக்காது. எக்ஸ்ஃபேட் என்ற மற்றொரு ஃபைல் முறை இதைவிட மோசம், அதில் இந்த மாதிரி இணைப்புகளே உருவாகாது.

என் முடிவு இதுதான்: விண்டோஸில் ஆடும் கேம் விண்டோஸ் டிஸ்கில், லினக்ஸில் ஆடும் கேம் லினக்ஸ் டிஸ்கில், ஒரே கேம் இரண்டிலும் வேண்டாம். சேவ் ஃபைலை ஸ்டீம் கிளவுட் ஆதரிக்கும் கேம்களில் அதுவே இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். படம், பாட்டு, ஆவணம் மாதிரி பொதுவான ஃபைல்களுக்கு ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருந்தால் தப்பில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்திருக்கும் வரை.

கடிகாரம், ப்ளூடூத்

மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலக நேரம் (யூடிசி) என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் மாறி மாறித் திறக்கும்போது மணி தப்பாகக் காட்டும். நேரம் தப்பினால் சில பாதுகாப்பான தளங்கள் திறக்காமல் போகலாம், சில கேம்களில் லாகின் ஆகாமல் போகலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் உலக நேரத்துக்கு மாற்றுவது நல்லது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் ஒரே கட்டளைதான். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். இரண்டையும் செய்தால் பழைய கதைதான்.

ப்ளூடூத் கேம் கன்ட்ரோலரை ஒன்றில் பேர் செய்தால் மற்றதில் அறுந்துபோவதும் இதே வகை. சிப் ஒன்று என்பதால் கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒரே கணினிதான். கடைசியாகக் கொடுத்த ரகசிய எண்ணை மட்டும்தான் அது ஞாபகம் வைத்திருக்கும். விண்டோஸில் உள்ள எண்ணை லினக்ஸில் காப்பி செய்யலாம். அல்லது யூஎஸ்பி டாங்கிளோடு வரும் கன்ட்ரோலரை வாங்கிவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

விண்டோஸை மாதக்கணக்கில் திறக்காமல் இருப்பது

கேமுக்கு மட்டும்தானே என்று இரண்டு மாதம் திறக்கவே மாட்டோம். விடுமுறை நாளில் ஆசையாகத் திறந்தால் விண்டோஸ் அப்டேட், கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட், கேம் அப்டேட் என்று வரிசை கட்டி நிற்கும். எரிச்சலில் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இணையத்தில் இருக்கும் கணினிக்கு அது நல்லதல்ல. மாதம் இரண்டு முறை, சாப்பிடப் போகும் நேரத்தில் விண்டோஸைத் திறந்து விட்டுவிட்டுப் போங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கணினி நேராக விண்டோஸில் எழுந்தால், லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பூட் வரிசையில் விண்டோஸ் முதலில் வந்திருக்கும், பயாஸில் லினக்ஸை மேலே ஏற்றினால் முடிந்தது.

கடைசியாக, லினக்ஸை எடுக்கிற விதம். வேறு லினக்ஸ் போடலாம் என்றோ, கேமுக்கு இடம் வேண்டும் என்றோ விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுகிறார்கள். க்ரப்பின் சிறு பகுதி மட்டும் பூட் பார்ட்டிஷனில் மிஞ்சியிருக்கும். அடுத்த முறை கணினி அதைத்தான் முதலில் கூப்பிடும், அது தன் மற்ற ஃபைல்களைத் தேடிக் கிடைக்காமல், கறுப்புத் திரையில் க்ரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரியோடு நின்றுவிடும். என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்து விண்டோஸும் போய்விட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். விண்டோஸ் அங்கேதான் பத்திரமாக இருந்தது. பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்திருந்தால் நேராகத் திறந்திருக்கும். அழிப்பதற்கு முன்பே பயாஸில் விண்டோஸை முதலாவதாக வைத்து, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பார்ட்டிஷனைத் தொடுங்கள்.