பிஸ்கட் டின்னைத் திறந்தால் போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின். வருஷம் முழுக்கச் சேர்ந்த ரசீதுகள் அதற்குள்தான். வருமான வரிக்கான பிஇ பாரத்துக்கு ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறதே என்று மார்ச் முழுவதும் அதைத் தொடவில்லை.

ஒரு சாயங்காலம், "ஐந்தே ஐந்து ரசீது, அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தேன். புத்தகச் செலவு ஒரு பக்கம், மருத்துவச் செலவு ஒரு பக்கம். எழுத்து மங்கிய பெட்ரோல் சீட்டுகள் குப்பைக்கு. தேநீர் ஆறுவதற்குள் டின் பாதி காலி. அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை.

ஹார்வர்டு ஆய்வாளர் தெரேசா அமபிலே, 238 ஊழியர்களின் ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்தார். வேலையில் உற்சாகம் தருவதில் முதலிடம், முக்கியமான வேலை கொஞ்சமாவது நகர்வதற்குத்தான் என்று கண்டார்.

ஆனால் அந்தச் சின்ன அடி, தள்ளிப்போடும் வேலையிலேயே இருக்க வேண்டும். வரிக் கணக்கு காத்திருக்கும்போது அலமாரியைத் துடைப்பது இன்னொரு தள்ளிப்போடல்தான்.

சரி, ரசீதுகளை 7 வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். இன்றைக்கே ஓர் உறையில் வருஷத்தை எழுதி டின்னுக்குள் வையுங்கள்.