ஆயாவின் பேச்சைப் பதிவு செய்யும் முறை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் வழங்கிய லுஷூட்சீட் என்னும் மொழியை (சேலிஷ் என்னும் பழங்குடி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது), 1950களில் லியோன் மெட்காஃப் என்பவர் முதியவர்களிடம் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அந்த நாடாக்கள் இன்று பாடமாகப் பயன்படுவதற்கு, அம்மொழியைச் சிறுவயதிலிருந்தே பேசிய வை ஹில்பர்ட் (1918–2008) அவற்றைக் கேட்டு எழுத்தில் வடித்தது பெருங்காரணம். பதிவு பாதி வேலைதான். பேசியவர்களில் ஒருவர் உடனிருந்து விளக்குவது மறுபாதி.

சேலிஷ் பிள்ளைகளின் மொழியை உறைவிடப் பள்ளிகள் வலிந்து பறித்தன. செட்டிநாட்டுக்கு அத்தகைய கொடுமை நேரவில்லை. ஆயினும், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீடுகள் பூட்டிக் கிடக்க, பேரப்பிள்ளைகள் வெளியூரில் வளர்வதால், ஆயாவும் (அம்மாவின் தாய்) அப்பத்தாவும் (அப்பாவின் தாய்) பேசும் தமிழைக் கேட்பவர் குறைந்து வருகின்றனர். ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே தொடங்குங்கள்.

முதலில் அனுமதி கேளுங்கள். யார் கேட்கலாம், எதை வெளியிடக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வளவு என்னும் உள்முற்றப் பகுதியிலும், ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த பட்டாலை என்னும் கூடத்திலும் எதிரொலி மிகும் என்பதால், துணிமணி நிறைந்த உள்ளறையில் அமர்ந்து, மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை ஒரு சாண் தொலைவில் வையுங்கள். சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதிவது நல்லது. தொடக்கத்தில் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள்.

சொற்களைப் பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். கொட்டான் (ஓலைக்கூடை) முடைவது, கந்தரப்பம் என்னும் இனிப்புக்கு மாவு ஆட்டுவது, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் சடங்கு, அப்பச்சி (அப்பா) பர்மாவிலிருந்து திரும்பிய நாள் என ஏதேனும் ஒன்றைத் தொடங்கிவைத்தால் பேச்சு தானாக ஓடும். பட்டணத்துப் பேரனிடம் பேசும்போது முதியவர்கள் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்வது இயல்பு. அதனால் ஒத்த வயதுடைய பங்காளி வீட்டு ஆச்சி ஒருவரையும் உடன் அமர்த்தி, இருவரையும் தங்களுக்குள் பேசவிடுவதே, என் கருத்தில், மிகச் சிறந்த வழி.

எழுதும்போது ‘வந்தாக’ என்றால் ‘வந்தாக’ என்றே எழுதுங்கள். ‘வந்தார்கள்’ என்று மாற்றிவிட்டால் பதிவின் பயனே போய்விடும். புரியாத இடத்தை ஊகிக்காமல் குறித்துவைத்து, ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கே போட்டுக்காட்டிக் கேளுங்கள். மூலக் கோப்பை வெட்டாமல் மூன்று இடங்களில் சேமித்து, ஒரு பிரதியை வேற்றூரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.